அபவாதம் சுமந்த நாய்

கோயம்புத்தூரில் நண்பர் ஒருவரின் வீட்டுக்கு முதன்முறையாகப் போயிருந்தபோது, வாசல் கேட்டைத் திறக்கக் கை நீட்டிய என்னை, எதிர்வீட்டுத் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மையார் ஒருவர், "நில்லுங்க தம்பி, உள்ளே பிட்புல் இருக்குதுங்க, கூப்பிட்டுட்டுப் போங்க" என்று பதறித் தடுத்தார். அந்தக் குரலில் இருந்தது தெருவில் விளையாடும் வயதில் பேரக்குழந்தை வைத்திருக்கும் ஒரு பாட்டியின் நியாயமான அச்சம். நண்பர் வந்து அழைத்துப்போய் உட்காரவைத்த பிறகு அந்தப் பிராணியைப் பார்த்தேன். செம்பழுப்பு நிறம், அகன்ற தலை, மார்பில் உள்ளங்கை அளவு வெள்ளை, கழுத்தைச் சுற்றிக் கட்டைவிரல் அகலத்துக்கு மயிர் முளைக்காத வடு ஒன்று வளையமாக ஓடியது. குட்டியாக இருந்தபோது மாட்டிய பட்டையை வளர்ந்த பின்னும் யாரோ கழற்றாமல் விட்டதனால், அது தோலுக்குள் புதைந்து உண்டாக்கிய வடு அது. வாயில் கவ்வியிருந்த பழைய ரப்பர் செருப்பை என் காலடியில் வைத்துவிட்டு, இரண்டடி பின்வாங்கி, தலையைத் தாழ்த்தி, நான் என்ன செய்யப்போகிறேன் என்று ஓரக்கண்ணால் பார்த்தது.

"காப்பகத்துக் காகிதத்துல டைசன்னு எழுதியிருந்தாங்க. எனக்கு அது வாயில வரலீங்க. முத்துன்னு கூப்பிட்டேன், வந்துட்டான்" என்றார் நண்பரின் தாயார்.

திண்ணையில் இருந்தவர் சொன்ன பெயருக்கும் இந்த அம்மாள் வைத்த பெயருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அன்று தொடங்கிய யோசனைதான் இந்தக் கட்டுரை. ஒரு நாயினத்துக்குக் கெட்ட பெயர் எப்படி வருகிறது, அந்தப் பெயரில் உண்மை எவ்வளவு, அப்படிப்பட்ட இனத்து நாயைக் குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பம் ஏற்றுக்கொள்ளலாமா என்ற கேள்விகளை, நாய்ப் பிரியர்களின் உற்சாகத்தையும் பத்திரிகைச் செய்திகளின் கலவரத்தையும் சிறிது நேரம் ஒதுக்கிவைத்து ஆராய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நம் நாட்டில் இந்தக் கேள்வி சூடுபிடித்தது சமீப காலத்தில்தான். 2022 ஜூலையில் லக்னோ நகரில், எண்பது வயதைக் கடந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை அவருடைய வீட்டிலேயே வளர்ந்த பிட்புல் கடித்துக் கொன்றது. அந்தச் செய்தி பரவிய நாட்களில், வட இந்திய நகரங்கள் சிலவற்றில், அதுவரை ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிப் பெருமையோடு வளர்த்த பிட்புல் நாய்களை அவற்றின் சொந்தக்காரர்களே தெருவிலும் காப்பகங்களின் வாசலிலும் விட்டுச்சென்றதாகச் செய்திகள் வந்தன. 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசின் கால்நடைப் பராமரிப்புத் துறை, பிட்புல், ராட்வீலர் முதலிய 23 இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றை நிறுத்தும்படி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து ஆலோசிக்காமல் பிறப்பித்தது என்ற காரணத்தால் ஏப்ரல் மாதத்திலேயே கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. அதற்கடுத்த மாதம், சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. பூங்காக் காவலாளியின் மகள் அந்தக் குழந்தை. இதையெல்லாம் படித்த ஒருவர் தம் எதிர்வீட்டு நாயைப் பார்த்துப் பயப்படுவதைப் பேதைமை என்று தள்ளுகிறவருக்கு இந்த விஷயத்தைப் பேசும் யோக்கியதை இல்லை என்றே நினைக்கிறேன்.

நம்முடைய பேச்சு வழக்கில் இன நாய்க்கு 'ஜாதி நாய்' என்று பெயர். தெருவில் திரிவது 'நாட்டு நாய்'. பிறந்த குலத்தைக் கொண்டு குணத்தை நிச்சயித்துவிடலாம் என்ற நம்பிக்கை அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. மனிதர் விஷயத்தில் அந்த நம்பிக்கை செய்த கொடுமையை அறிந்தவர்கள் நாய் விஷயத்திலும் அதை ஒரேயடியாக நிராகரிக்க ஆசைப்படுவது இயற்கை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மனித ஜாதி, மனிதன் தன் சௌகரியத்துக்காகக் கற்பித்துக்கொண்ட பேதம். நாயினமோ, குறிப்பிட்ட வேலைக்காக, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இணைசேர்த்து மனிதனால் உருவாக்கப்பட்ட உடல். வேட்டை நாய் ஓடுகிறது, மந்தை நாய் மறித்து வளைக்கிறது என்றால் அதில் வம்சத்தின் பங்கு உண்டு. ஆகவே, பிறப்புக்கும் சுபாவத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று வாதிப்பது நாய்க்கும் உதவாது, அதை வளர்க்கப்போகிறவருக்கும் உதவாது. சம்பந்தம் எவ்வளவு என்பதே கேள்வி.

பிட்புல்லின் வம்ச சரித்திரம் இரத்தத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக, காளையைக் கம்பத்தில் கட்டி அதன்மேல் நாய்களை ஏவிவிட்டுப் பார்த்து மகிழும் வழக்கம் இருந்தது. கொல்லுமுன் அப்படி நாய்விட்டு அலைக்கழித்தால் மாமிசம் மிருதுவாகும் என்ற நம்பிக்கையும் அதற்குத் துணைநின்றது. 1835-ஆம் ஆண்டு பார்லிமெண்ட் சட்டமியற்றி இதைத் தடைசெய்தபோது, அந்தக் குரூர விநோதத்துக்குப் பழகிய கூட்டம் அதைக் கைவிடவில்லை. காளைக்குத் திறந்த மைதானம் வேண்டும், நாய்க்கு நாயை மோதவிட ஒரு நிலவறை போதும் என்று கண்டுகொண்டது. பழைய புல்டாகின் பிடிவாதத்தையும் டெரியரின் வேகத்தையும் சேர்த்து உண்டாக்கிய கலப்பினம் அந்த நிலவறைகளில்தான் வளர்ந்தது. புலம்பெயர்ந்தவர்களோடு அது அமெரிக்காவுக்குப் போயிற்று. 1898-இல் அங்கே யுனைட்டட் கென்னல் கிளப் அதை அமெரிக்கன் பிட்புல் டெரியர் என்ற பெயரில் பதிவுசெய்தது. 'பிட்' என்பது நாய்ச்சண்டை நடக்கும் குழி. அந்தக் குழியின் பெயரே இனத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

இந்தச் சரித்திரத்தின் மறுபக்கமும் உண்மையே. முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கக் காலாட்படைப் பிரிவு ஒன்றோடு பிரான்ஸுக்குச் சென்ற ஸ்டப்பி என்ற நாய், இந்த வம்சச் சாயல் கொண்டது. அதன் பதப்படுத்திய உடல் இன்றும் ஸ்மித்சோனியன் காட்சிசாலையின் வசம் இருக்கிறது. 1920-களிலும் 30-களிலும் அமெரிக்கக் குழந்தைகள் கொட்டகைகளில் பார்த்து மகிழ்ந்த 'அவர் கேங்' படங்களில், சிறுவர் கூட்டத்தோடு ஓடித் திரியும், கண்ணைச் சுற்றி வட்டமிட்ட நாயும் பிட்புல்லே. அந்தக் காலத்தில் அமெரிக்கர் இதைச் சாதாரண வீட்டு நாயாகவே கருதினார்கள். 1980-களில் நகரங்களில் கள்ளத்தனமான நாய்ச்சண்டை மறுபடி தலையெடுத்து, போதைப்பொருள் வியாபாரம் பெருகி, அச்சுறுத்துவதற்கென்றே நாய் வேண்டியவர்கள் இந்த இனத்தைத் தேடிப் போனபோதுதான் நிலைமை தலைகீழாயிற்று. 1987 ஜூலையில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை, பற்களைக் காட்டிச் சீறும் பிட்புல்லை அட்டையில் போட்டு, இந்த நாயைக் குறித்து எச்சரிக்கை என்று அச்சிட்டது. கெட்ட பெயர் பரவியதும், கெட்ட நாய் வேண்டும் என்கிறவர்கள் அதையே இன்னும் அதிகமாக வாங்கினார்கள். கவனமாக வளர்க்கக்கூடிய குடும்பங்கள் விலகிக்கொண்டன. பெயர் கெட்டதால் வளர்ப்பவர் தரம் கெட்டது. வளர்ப்பவர் தரம் கெட்டதால் பெயர் இன்னும் கெட்டது. இந்த விஷயத்தில் அதிகம் கவனிக்கப்படாததும், எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் இந்தச் சுழல்தான்.

பிட்புல்லுக்கு முன்னரும் இந்தச் சுழலில் அகப்பட்ட இனங்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தப்பியோடிய அடிமைகளைத் துரத்தப் பயன்பட்ட காரணத்தால் பிளட்ஹவுண்ட் என்ற பெயரே அமெரிக்காவில் நடுக்கத்தைத் தந்தது. முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜெர்மன் ஷெப்பர்டுக்கு அந்த முறை வந்தது. பகைவர் நாட்டுப் பெயர் என்பதால் பிரிட்டனில் அதை அல்சேஷன் என்று மாற்றி அழைத்தார்கள். ஓநாய் இரத்தம் கலந்தது, டிங்கோ என்ற காட்டு நாயோடு கூடினால் ஆட்டு மந்தைகளை நாசமாக்கும் என்று பயந்து 1929-இல் ஆஸ்திரேலியா அதன் இறக்குமதியைத் தடைசெய்தது. 1970-களில்தான் அந்தத் தடை நீங்கியது. நம் ஊர்க் காவல்துறை பெருமையோடு வளர்க்கும் நாய் அது என்பதை எண்ணிப் பார்க்கலாம். பின்னர் டாபர்மேன் வந்தது. வளர வளர அதன் மூளை பெருத்து, மண்டையோடு இடங்கொடாமல், வெறிபிடித்து எஜமானனையே கடிக்கும் என்ற கதையை என் பள்ளிப் பருவத்தில் நானும் கேட்டு நம்பியிருக்கிறேன். உடற்கூற்று சாஸ்திரத்தில் அதற்கு ஆதாரம் துளியும் இல்லை. கவ்வினால் பிட்புல்லின் தாடை பூட்டிக்கொள்ளும் என்ற கதைக்கும் அதே கதிதான். அப்படிப் பூட்டும் எலும்போ தசையோ அதற்குக் கிடையாது.

நம்முடைய ராஜபாளையம் நாயைப் பற்றி ஒரு வார்த்தை இங்கே சொல்லத் தோன்றுகிறது. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அந்த நாய் வீட்டாரைத் தவிர யாரையும் அண்டவிடாது என்பதை நாம் அதன் வீரத்துக்குச் சான்றாகச் சொல்கிறோம்; 2005-இல் அஞ்சல் துறை அதற்குத் தபால்தலை வெளியிட்டபோது மகிழ்ந்தோம். அன்னியரை நம்பாத அதே சுபாவம் அயல்நாட்டு நாயிடம் தென்பட்டால் குரூரம் என்கிறோம். ராஜபாளையத்தைக் குறைசொல்வது என் நோக்கம் அல்ல. அந்த நாயின்மேல் எனக்குள்ள அபிமானம் பெரிது. ஒரே குணத்துக்கு நாம் வைக்கும் பெயர், நாயைக் காட்டிலும் நம்முடைய பற்றுதல்களைப் பொறுத்திருக்கிறது என்பதைக் கவனிக்கவே சொன்னேன்.

இனி ஆராய்ச்சிகள் கூறுவதைப் பார்ப்போம். முதல் சங்கடம், பிட்புல் எது என்று கண்ணால் நிச்சயிப்பதிலேயே இருக்கிறது. 2015-இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் நான்கு காப்பகங்களிலிருந்து 120 நாய்களை எடுத்து, ஊழியர்கள் கண்ணால் கண்டு சொன்ன இனத்தையும் மரபணுப் பரிசோதனை காட்டிய இனத்தையும் ஒப்பிட்டார்கள். ஊழியர்கள் பிட்புல் வகை என்று சொன்னவை 62. மரபணுவில் அந்த வம்சம் கண்டவை 25. அன்றாடம் நாய்களோடு பழகுகிறவர்களுக்கே இந்தத் தடுமாற்றம் என்றால், கடிபட்ட அதிர்ச்சியில் இருப்பவரும், அவசரமாகச் செய்தி எழுதுகிறவரும் சொல்லும் இனப்பெயரை எவ்வளவு தூரம் நம்புவது? அகன்ற தலையும் குட்டை மயிரும் உள்ள நாய் கடித்தால் அது பிட்புல் ஆகிவிடுகிறது.

2022-இல் சயன்ஸ் பத்திரிகையில் வந்த ஆராய்ச்சி இதைவிட விரிவானது. பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் விசாரித்து, அவற்றுள் 2,155 நாய்களின் மரபணுவையும் படித்தறிந்த அந்த ஆராய்ச்சியாளர்கள், தனித்தனி நாய்களுக்கு இடையே காணும் நடத்தை வேற்றுமையில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனம் விளக்குகிறது என்று கண்டார்கள். மனிதனுடைய கட்டளைக்கு இணங்கும் தன்மையில் இனத்தின் சாயல் ஓரளவு தெரிந்தது. எளிதில் சினமூட்டப்படும் தன்மையிலோ மிகக் குறைவாகவே தெரிந்தது. ஜெர்மனியின் லோயர் சாக்ஸனி மாநிலத்தில் 'ஆபத்தான இனம்' என்று சட்டம் குறித்த நாய்கள் நூற்றுக்கணக்கில் ஒரு நடத்தைப் பரீட்சைக்கு உட்படுத்தப்பட்டன. பின்னர் அதே பரீட்சையை, உலகமே சாது என்று கொண்டாடும் கோல்டன் ரிட்ரீவர் 70-க்கு வைத்துப் பார்த்தார்கள். சந்தர்ப்பத்துக்குப் பொருந்த நடந்துகொண்டவை கோல்டன் ரிட்ரீவரில் 98 சதவீதத்துக்கு மேல். பெயர் கெட்ட இனங்களில் 95 சதவீதம். இந்த வித்தியாசத்தை இனத்தின்மேல் ஏற்றிச் சொல்வதற்கில்லை என்பது அந்த ஆய்வின் முடிவு.

எதிர்த்தரப்புச் சான்றையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் 1979 முதல் 1998 வரை நாய்க்கடியால் நேர்ந்த 238 மரணங்களை ஆராய்ந்த அறிக்கை, அவற்றில் பாதிக்கு மேல் பிட்புல் வகை, ராட்வீலர் ஆகிய இரண்டின் பெயரில் பதிவாகியிருப்பதாகக் காட்டியது. தடை கோருகிறவர்கள் காட்டும் பிரதான ஆதாரம் இது. ஆனால் 2000 முதல் 2009 வரை நிகழ்ந்த 256 மரணங்களை, பத்திரிகைச் செய்தியை மட்டும் நம்பாமல் விசாரணை அதிகாரிகளையே கண்டு கேட்டு எழுதிய 2013-ஆம் ஆண்டு ஆய்வில், நாயின் இனத்தை நம்பகமாக நிச்சயிக்க முடிந்தது 17.6 சதவீதச் சம்பவங்களில்தான். ஆனால் வேறு சில காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகத் தலைகாட்டின: தடுக்கக்கூடியவர் யாரும் அருகில் இல்லாமை 87 சதவீதம், கடிபட்டவருக்கும் நாய்க்கும் முன்பழக்கம் இல்லாமை 85, கருத்தடை செய்யாத நாய் 84, குடும்பத்தோடு ஒட்டவிடாமல் தனியே கட்டியோ அடைத்தோ வளர்த்த நாய் 76. ஒரே சம்பவத்தில் இவற்றுள் பலவும் சேர்ந்தே இருந்தன. கேட்டருகே சங்கிலியில் கட்டி, வேளைக்குச் சோறு வைப்பதோடு உறவை முடித்துக்கொண்டு, காவல் காக்கிறது என்று திருப்தியடையும் நம் வீடுகளை நினைத்துக்கொண்டு அந்தக் கடைசி எண்ணை நான் மறுபடி படித்தேன்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று மிஞ்சுகிறது, அது உடலின் பலம். ஒரு பொமரேனியன் நிதானமிழந்தால் தையல் போடும் அளவில் முடியும். முப்பது கிலோ எடையும் இறுகிய தசையும் உள்ள நாய் நிதானமிழந்தால் உயிர்போகக் கூடும். சண்டைக்காகவே பேணப்பட்ட வம்சக் கிளைகளில் பிற நாய்களைக் கண்டால் பாயும் சுபாவம் தங்கியிருப்பதும் அனுபவஸ்தர்கள் ஒப்புக்கொள்வதே. இந்த நாய்களுக்கு 'குழந்தைகளின் தாதி' என்று ஒரு காலத்தில் பட்டம் சூட்டிய ஆதரவாளர்களிலேயே பொறுப்புள்ளவர்கள், குழந்தையை எந்த நாயோடும் தனியே விடத் துணிவு தரும் பேச்சு அது என்று உணர்ந்து பின்னாளில் அதைக் கைவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி.

இனத்தைத் தடைசெய்த தேசங்களின் அனுபவம் சுருக்கமாகச் சொல்லத்தக்கதே. பிரிட்டனில் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் பிட்புல் உள்ளிட்ட நான்கு வகைகளைத் தடுத்தது. நாய்க்கடிக்காக ஆஸ்பத்திரி சேர்ந்தவர்களின் தொகை அதனால் குறையவில்லை, ஏறியே வந்தது. 2023-இல் எக்ஸ்எல் புல்லி என்ற வகையையும் அங்கே பட்டியலில் சேர்த்தார்கள். நெதர்லாந்து 1993-இல் விதித்த தடையை, கடி குறையவில்லை என்று கண்டு 2008-இல் நீக்கிக்கொண்டது. அமெரிக்காவின் டென்வர் நகரம் 1989-இல் விதித்த தடையை 2020-இல் மக்கள் வாக்களித்து மாற்றி, அனுமதிச்சீட்டோடு வளர்க்க இடங்கொடுத்தார்கள்.

எண்களைக் காட்டிலும் என் அபிப்பிராயத்தை அதிகம் மாற்றியது ஒரு வழக்கின் கதை. 2007 ஏப்ரலில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் சர்ரி வட்டாரத்தில், பிரசித்திபெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்குக்குச் சொந்தமான நிலத்தில் அதிகாரிகள் சோதனையிட்டபோது, நாய்ச்சண்டைக்காகவே வைத்திருந்த ஐம்பது அளவிலான பிட்புல்கள் கிடைத்தன. மரக்கூட்டத்தினூடே, மண்ணில் புதைத்த இரும்பு அச்சில் கனத்த சங்கிலி பூட்டி, பக்கத்து நாய் கண்ணுக்குத் தெரியும், ஆனால் எட்டாது என்ற தூரத்தில் பலவற்றைக் கட்டியிருந்தார்கள். சண்டைக்கு லாயக்கற்றவை என்று தோன்றிய நாய்களைத் தூக்கிலிட்டும் நீரில் அமுக்கியும் கொன்றதை விக் பிற்பாடு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அவருக்கு 23 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

மீட்கப்பட்ட நாய்களை என்ன செய்வது? அதுவரை நடைமுறை தெளிவாக இருந்தது: சண்டை நாய் திருந்தாது, கொன்றுவிடுவதே கருணை. விலங்குகளுக்காகப் பாடுபடும் பெரிய சங்கங்கள் சிலவும் அப்படியே சொல்லின. வேறொரு தரப்பினர், ஒவ்வொரு நாயையும் தனியே பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்று வாதாடினார்கள். நீதிமன்றம் அதற்கு இணங்கி, ரெபெக்கா ஹஸ் என்ற சட்டப் பேராசிரியையை நாய்களின் நலனுக்குப் பொறுப்பாளராக நியமித்தது. அவற்றின் பராமரிப்புக்கென்று ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் விக் கட்டினார். விலங்கு நடத்தை நிபுணர்கள் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து, மனிதர் தொடுவதையும் உணவை விலக்குவதையும் குழந்தை உருவத்தில் செய்த பொம்மையையும் வேறொரு நாயையும் அவை எப்படி எதிர்கொள்கின்றன என்று பரிசோதித்தார்கள். 49 நாய்களைப் பார்த்ததில், மனிதர்மேல் பாயும் சுபாவத்துக்காகக் கொல்லத்தான் வேண்டும் என்று தீர்ந்தது ஒன்றே ஒன்று.

சீறிப் பாயும் என்று எதிர்பார்த்த நாய்களில் பல, கதவைத் திறந்ததும் தரையோடு தரையாக ஒட்டிப் படுத்துவிட்டன. தூக்கி நிறுத்தினாலும் நிற்கவில்லை. பத்து அளவிலான நாய்களை ஏற்ற கலிபோர்னியாவின் ஓக்லண்டைச் சேர்ந்த பேட் ராப் குழுவும், 22 நாய்களை ஏற்ற யூட்டா மாநிலம் கனாப் ஊர்ப் புகலிடமான பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸும் முதலில் போராட வேண்டியிருந்தது அந்தப் பயத்தோடுதான். படி ஏறத் தெரியாது, வீட்டு ஓசைகள் தெரியாது, கை நீட்டினால் அது அடிக்கத்தான் என்பதைத் தவிர வேறு தெரியாது. அவற்றுள் ஜானி ஜஸ்டிஸ் என்று பெயர் பெற்ற நாய், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு குடும்பத்தோடு வாழ்ந்து, நூல் நிலையத்தில் படிக்கத் தயங்கும் குழந்தைகள் அருகில் படுத்துக்கொண்டு, அவர்கள் எழுத்துக்கூட்டி உரக்க வாசிப்பதைக் கேட்டிருக்கும் பணிக்குப் பழக்கப்பட்டது. பிழையாகப் படித்தால் திருத்தாத, சிரிக்காத ஒரே செவி அது என்பதால் குழந்தைகள் அதனிடம் படித்தார்கள். லியோ என்ற இன்னொரு நாய் புற்றுநோயாளிகளைப் பார்க்கப் போயிற்று. அதே கூட்டத்தில் மெரில் என்ற பெண் நாய் அன்னியரை நம்பும் நிலைக்கு வரவேயில்லை. நீதிமன்ற ஆணைப்படி புகலிடத்திலேயே தன் ஆயுளைக் கழித்தது. லூகாஸ் என்ற நாயோ மனிதரிடம் அன்பாகவே பழகியும், சண்டைக் களத்தில் பெயர்பெற்றிருந்த காரணத்தால், அதையும் எந்த வீட்டுக்கும் அனுப்ப நீதிமன்றம் அனுமதிக்கவில்லை.

இந்த நான்கு நாய்களையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். ஒரே முற்றம், ஒரே கொடுமை, ஒரே வம்சம். ஆயினும் முடிவு ஒன்றாக இல்லை. ஜானியை மட்டும் சொல்லி மெரிலை மறைக்கிறவர் வீட்டுக்கு நாய் தேடும் குடும்பத்தை ஏமாற்றுகிறார். மெரிலை மட்டும் சொல்லுகிறவர் ஜானியைக் கொல்லச் சொல்லுகிறார்.

தனி நாயைப் பார்த்து முடிவுசெய் என்பது சொல்ல எளிது, செய்வது கடினம். அமெரிக்கக் காப்பகங்கள் பலவற்றில் நடந்துவந்த பரீட்சை ஒன்றில், நாய் தின்றுகொண்டிருக்கும்போது கோலின் முனையில் கட்டிய பிளாஸ்டிக் கையைக் கிண்ணத்துக்குள் நுழைத்துப் பார்ப்பார்கள். கடித்தால் அந்த நாய்க்கு அன்றோடு முடிந்தது. பசியும் இரைச்சலும் அன்னிய வாசனையும் சூழ்ந்த கூண்டில் அப்படி ஒருமுறை பார்ப்பது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கு மேல் பயன் தராது என்று 2016-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, பிட்புல் என்று சீட்டு ஒட்டிய நாய், அதே உருவமுள்ள, ஆனால் வேறு இனப்பெயர் ஒட்டிய நாயைவிட மூன்று மடங்குக்கு மேற்பட்ட காலம் காப்பகத்தில் காத்துக் கிடந்ததை எடுத்துக்காட்டியது. ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் கூண்டுகளிலிருந்து இனப்பெயரையே எடுத்துவிட்டபோது, அந்த நாய்களுக்கு வீடு கிடைப்பது அதிகரித்தது.

ஆகவே, இத்தகைய நாயை ஏற்க நினைக்கும் குடும்பத்தாரிடம் நான் முதலில் கேட்பது அவர்கள் வீட்டைப் பற்றி. பகலெல்லாம் வீட்டில் யார் இருப்பார்கள்? அந்த நாய் இழுத்தால் கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பலம் அவர்களில் எத்தனை பேருக்கு உண்டு? குழந்தை இருந்தால், அதற்கும் நாய்க்கும் நடுவே எப்போதும் பெரியவர் ஒருவர் இருக்க முடியுமா? காப்பகத்துக்கு ஒரு தடவை போய்க் கண்ணைப் பார்த்து உருகிவிடாமல், நான்கைந்து தடவை வெவ்வேறு வேளையில் போக வேண்டும். வெளியே நடத்திப் பார்க்க வேண்டும். சோறு வைத்துப் பழக்கிய ஊழியரிடம், இது எதற்குப் பயப்படுகிறது என்று கேட்க வேண்டும். கடிக்குமா என்ற கேள்விக்கு யாரும் சரியான பதில் சொல்ல முடியாது. எதற்குப் பயப்படுகிறது என்பதற்குச் சொல்ல முடியும். வந்த முதல் வாரங்களில் காணும் அடக்கத்தை நம்பிவிடக் கூடாது. அது புதிய இடத்தின் திகைப்பு. சில மாதங்கள் சென்றபின்தான் நாய் தன்னுடைய இயல்பைக் காட்டுகிறது. கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் மாநகராட்சி உரிமமும் பேச்சுக்கு இடமில்லாதவை. வெளியே போகும்போது வாய்க்கூடு போடுவதை அவமானமாக நினைக்கிறவர் இந்த இனத்து நாயை வளர்க்காமல் இருப்பதே நல்லது.

கோயம்புத்தூர் நண்பர் ஆறு வாரம் அலைந்த பிறகே முத்துவை வீட்டுக்குக் கொண்டுவந்தார். முதல் மூன்று நாள் அது குளியலறைக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தில் கிடந்தது. நண்பரின் தாயார் அதன் பக்கம் திரும்பாமலே சற்றுத் தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாராம். நான்காம் நாள் அது வந்து அவருடைய செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்தது. கழுத்துப் பக்கம் யார் கை வந்தாலும் அதற்கு இன்றும் உடல் நடுங்கும். அதனால் அதற்குக் கழுத்துப் பட்டை கிடையாது, மார்போடு அணைத்துக் கட்டும் வார்தான். தெரு நாயைக் கண்டால் அது இழுக்கிற இழுப்பு சாமானியமானதல்ல. ஆகவே ஊர் விழிக்குமுன் விடியற்காலை நான்கரைக்கே நடத்திக் கூட்டிப்போகிறார். மதில்மேல் இரண்டு அடி கம்பி வலை ஏற்றி, கேட்டுக்கு உட்புறம் இன்னொரு கதவு வைத்திருக்கிறார்.

சென்ற தையில் மறுபடி போனேன். எதிர்வீட்டு அம்மையார் திண்ணையில் இருந்தார்; இந்தத் தடவை "முத்து உள்ளேதான் இருக்குதுங்க, கூப்பிட்டுட்டுப் போங்க" என்றார். பால்காரர் கேட்டைத் தாண்டி வருவதில்லை. நண்பரின் தாயாரே பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பாலை வாங்கிக்கொண்டு, இரண்டு கதவையும் சாத்தித் தாழிட்டுவிட்டு வந்தார். முத்து உட்கதவுக்கு இப்பால் ஒற்றைச் செருப்பை வாயில் வைத்துக்கொண்டு அவருக்காக உட்கார்ந்திருந்தது.